மனநலப் பக்கத்துல அனுபவிச்சவங்க குரல் எங்க? டொரோத்தேயா புக் அம்மாவ முன்வச்சு ஆசிரியருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக மனநல தினத்துக்காக உங்க பேப்பர்ல வந்த ஸ்பெஷல் பக்கத்த ஒரு வரி விடாம படிச்சேன். நல்ல முயற்சி, அதுல சந்தேகமே இல்ல. ஸ்கிசோஃப்ரினியாங்கற மனநோய்னா என்ன, அறிகுறி என்ன, மாத்திரைய டாக்டர கேக்காம பாதில நிறுத்தாதீங்க, மந்திரிக்க கூட்டிட்டுப் போய் காலத்த வீணாக்காதீங்க, எல்லாமே சொல்ல வேண்டிய விஷயம்தான். ஆனா அந்த முழுப் பக்கத்துலயும் யார் யார் பேசிருக்காங்கன்னு ஒரு தடவ பாருங்க சார். ரெண்டு டாக்டர், ஒரு கவுன்சிலர், ஒரு அம்மா. அந்த நோயோட வாழ்ற ஆள் ஒருத்தர்கூட வாயத் திறக்கல, போட்டோ மட்டும் இருக்கு, அதுவும் ஜன்னல பாத்து முதுகு காட்டி உக்காந்திருக்குற மாதிரி. அந்த போட்டோவ பாத்ததுக்கு அப்புறம் எழுதாம இருக்க முடியல. அக்டோபர் 10 மனநல தினம்னா அதுக்கு முந்தின நாள் அக்டோபர் 9, நான் இப்ப குடியிருக்குற இதே ஹாம்பர்க் ஊர்ல 2019-ல 102 வயசுல காலமான டொரோத்தேயா புக் அம்மாவோட நினைவு நாள். தானே மனநோய அனுபவிச்சு, எங்களப் பத்தி பேசுற எல்லாரும் முதல்ல எங்ககிட்ட பேசணும்னு கடைசி வரைக்கும் போராடினவங்க அவங்க. அவங்க கதைய நம்ம ஆளுங்க தெரிஞ்சுக்கணும், அதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

டொரோத்தேயா 1917 ஏப்ரல் 5-ல ஜெர்மனில நௌம்பர்க்ங்கற ஊர்ல பொறந்தாங்க. அப்பா பாதிரியார், அஞ்சு பிள்ளைங்கள்ல இவங்க நாலாவது. வளந்ததுல முக்கியமான காலம் வடகடல்ல இருக்குற வாங்கரோகேங்கற சின்ன தீவுல. அந்தக் கடல் நம்ம கடல் மாதிரி கிடையாது, தண்ணி வத்துற நேரத்துல கரைல இருந்து கிலோமீட்டர் கணக்கா சேறா கெடக்கும், மறுபடி ஏறும்போது ஆள முழுங்கிடும். சின்னப் பிள்ளைங்களுக்கு பாடம் சொல்லிக்குடுக்குற டீச்சர் ஆகணும், தானும் நாலு பிள்ளை பெத்து வளக்கணும், இதுதான் அந்தப் பொண்ணோட ஆசை. 1936-ல 19 வயசு இருக்கும்போது ஒரு நாள் துணி துவைச்சுக்கிட்டு இருந்தப்ப திடீர்னு உள்ளுக்குள்ள ஒரு நிச்சயம் வந்து விழுந்துருக்கு, பயங்கரமான போர் ஒண்ணு வரப்போகுது, நான் இயேசுவோட மணவாட்டி, ஒரு நாள் எனக்கு சொல்றதுக்கு ஒண்ணு இருக்கும், வார்த்தை தானா வரும், அப்படின்னு. வீட்டுல எல்லாரும் அரண்டு போய்ட்டாங்க. போர் வரும்னு சொன்னா அப்ப பைத்தியக்காரத்தனம், மூணே வருஷத்துல உலகப்போர் வந்துச்சுங்கறது வேற கதை. தூக்கம் போச்சு, ராத்திரில விடிவெள்ளிய பாத்துக்கிட்டே அந்த சேத்துக்கடலுக்குள்ள நடந்து போய்ட்டாங்க, ஆளுங்க கண்டுபிடிச்சு கூட்டிட்டு வந்தாங்க. அதுக்கப்புறம் பீலஃபெல்ட் ஊர் பக்கத்துல இருக்குற பேத்தல்ங்கற கிறிஸ்தவ மருத்துவ நிலையத்துல கொண்டு போய் சேத்தாங்க. பாதிரியார் வீட்டுப் பிள்ளை, கிறிஸ்தவ ஆஸ்பத்திரி, அன்பா பாத்துப்பாங்கன்னு அந்தப் பெத்தவங்க நம்பினதுல என்ன தப்பு.

அங்க நடந்தத அவங்களே பின்னாடி எழுதியும் பேசியும் பதிவு பண்ணிருக்காங்க, படிச்சா வயித்த பெசையும். தலைல ஜில்லுனு குளிர்ந்த தண்ணிய ஊத்துறது ஒரு சிகிச்சை. குளிர்ந்த ஈரத்துணிய உடம்பு முழுக்க இறுக்கி சுத்தி கை கால் அசைக்க முடியாம கட்டிப் போடுறது இன்னொண்ணு, அந்தத் துணி முதல்ல உறையுற மாதிரி இருக்கும், அப்புறம் உடம்புச் சூட்டுல வெதுவெதுப்பாகும், அப்புறம் கொதிக்கிற மாதிரி ஆகும், ஏன் கட்டி வச்சுருக்கீங்கன்னு கோவத்துல அந்தப் பொண்ணு கத்திருக்கு, கத்தினா நோய் அதிகமாயிடுச்சுன்னு அர்த்தம். மூணாவது தொட்டிக் குளியல், கேக்க நல்லாருக்கும், ஆனா தொட்டி மேல முரட்டு கித்தான் துணிய மூடி அதுல ஒரு ஓட்டை போட்டு விறைப்பான காலர் வச்சு கழுத்து மட்டும் வெளில தெரியுற மாதிரி பூட்டிடுவாங்க, ஒரு நாள் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துட்டுப் போனதுல இருந்து மறுநாள் ரவுண்ட்ஸ் வரைக்கும் 23 மணி நேரம் அப்படியே கெடக்கணும். இடைல ஊசி போட்டு மயக்கம். உடம்புல ஒரு குறையும் இல்லாத பொண்ணுங்கள கைவேலை கூட குடுக்காம நாள் பூரா கட்டில்லயே படுக்க வச்சுருக்காங்க. அந்த வார்டு சுவத்துல பெரிய எழுத்துல பைபிள் வசனம், நம்ம ஊர்லயும் எத்தனையோ சர்ச் வாசல்ல பாத்துருப்பீங்க, "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே, நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள், நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்." அந்த வசனத்த பாத்துக்கிட்டேதான் அந்தத் தொட்டிக்குள்ள கெடந்துருக்காங்க.

ஆனா இதுல எதையும் விட அவங்க பெரிய அவமானமா கடைசி வரைக்கும் சொன்னது வேற ஒண்ணு. இத்தனை நாள்ல ஒரு டாக்டர்கூட, ஒரு பாதிரியார்கூட பக்கத்துல உக்காந்து உனக்கு என்னம்மா ஆச்சு, என்ன தோணுச்சு, ஏன் அந்த ராத்திரில கடலுக்குப் போனன்னு ஒரு வார்த்தை கேக்கல. இவ பேச்சுல அர்த்தம் இருக்காது, மூளைல கோளாறு, பரம்பரை நோய், அவ்ளோதான் முடிவு. பேசுறதுக்குக்கூட தகுதி இல்லாத ஜென்மம்னு ஒரு மனுஷிய நினைக்க ஆரம்பிச்சுட்டா, அதுக்கப்புறம் அவள என்ன வேணா பண்ணலாம்ங்கற எடத்துக்கு வந்துடுறோம். இத படிக்கும்போது எனக்கு எங்க அண்ணன் ஞாபகம்தான். அவர எங்க பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரிக்கு வருஷக்கணக்கா கூட்டிட்டுப் போயிருக்கோம், டாக்டர் முன்னாடி அண்ணன்தான் உக்காந்திருப்பாரு, கேள்வி எல்லாம் எங்கம்மாகிட்ட. தூங்குறாரா, சாப்பிடுறாரா, தொந்தரவு பண்றாரா, சீட்டு எழுதி அடுத்த டோக்கன். ரெண்டு நிமிஷம். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தா "நீங்க சும்மா இருங்க"ன்னு கம்பவுண்டர்ல இருந்து எல்லாரும் சொல்லுவாங்க. அவருக்கு என்ன கேக்குது, எது பயமுறுத்துதுன்னு வீட்டுல நாங்களே கேட்டது கிடையாதுங்கறதும் உண்மை.

மறுபடி டொரோத்தேயாவுக்கு வர்றேன். நாஜிக்கள் ஆட்சிக்கு வந்த 1933-ஆம் வருஷம் ஜூலை 14-ல ஒரு சட்டம் போட்டாங்க, பரம்பரை நோய் உள்ளவங்களுக்கு பிள்ளை பொறக்காம தடுக்குற சட்டம், 1934 ஜனவரில இருந்து அமல். டொரோத்தேயா மேல முத்திரை குத்தின ஸ்கிசோஃப்ரினியா, வலிப்பு, பிறவிக் குருடு, பிறவிச் செவிடு, கடுமையான குடிப்பழக்கம் வரைக்கும் அந்த லிஸ்ட்ல வரும். அதுக்குன்னே தனி கோர்ட், அந்த கோர்ட்டுல டாக்டருங்களே நீதிபதியோட சேந்து உக்காருவாங்க. கிட்டத்தட்ட 3.5 லட்சத்துல இருந்து 4 லட்சம் பேருக்கு கட்டாய கருத்தடை பண்ணாங்க, ஆபரேஷன்லயே ஆயிரக்கணக்குல செத்துருக்காங்க, அதுல பெரும்பாலும் பொம்பளைங்க. டொரோத்தேயா வீட்டுல சம்மதிக்கலன்னா பொண்ணு 45 வயசு வரைக்கும் உள்ளயே இருக்க வேண்டியதுதான்னு சொல்லிட்டாங்க. 1936 செப்டம்பர்ல ஆபரேஷன் நடந்துச்சு. எதுக்குன்னு அவங்ககிட்ட யாரும் சொல்லல, அவசியமான சின்ன ஆபரேஷன்னு சொல்லி முடிச்சுட்டாங்க. வயித்துல தழும்பு எதுக்குன்னு தெரியாம இருந்தவங்களுக்கு பக்கத்துல இருந்த இன்னொரு நோயாளிப் பொண்ணுதான் உண்மைய சொல்லிருக்கு. 19 வயசுல இனி உனக்குப் பிள்ளையே பொறக்காதுங்கறத டாக்டர் வாயால கேக்கல, அதே மாதிரி தழும்போட இருந்த இன்னொரு பொண்ணு வாயால கேட்டாங்க.

அதோட விடல. கருத்தடை செஞ்சவங்க, செய்யாதவங்கள கல்யாணம் பண்ணக்கூடாது, அதுக்கும் சட்டம். மேல்படிப்பு கிடையாது, பிள்ளைங்கள பாத்துக்குற மாதிரி வேலைக்கு படிக்க முடியாது. ஆசைப்பட்ட டீச்சர் வேலை அப்படியே போச்சு. மண்பாண்டம் செய்ய கத்துக்கிட்டாங்க, அப்புறம் நடந்தத மறைச்சு ஆர்ட் ஸ்கூல்ல சேந்து சிற்பி ஆனாங்க. தாயும் பிள்ளையுமா இருக்குற வெண்கலச் சிலை அவங்க வடிச்சது ஹாம்பர்க்ல இருக்கு. நான் அதப் பத்தி ஒண்ணும் சொல்லப் போறதில்ல, யார் செஞ்ச சிலைன்னு தெரிஞ்சுட்டுப் பாக்கணும், அவ்ளோதான். 1969-ல இருந்து 1982 வரைக்கும் இங்க ஹாம்பர்க்ல ஒரு சமூகக் கல்வி காலேஜ்ல ஆர்ட்டும் கைவேலையும் சொல்லிக்குடுக்குற டீச்சரா வேலை பாத்தாங்க, பிள்ளைங்கள பாத்துக்க போறவங்களுக்கே டீச்சர் ஆனாங்க.

நடுவுல நடந்த இன்னொரு கொடுமைய சொல்லாம இருக்க முடியாது. கருத்தடையோட நிக்காம 1940-லயும் 41-லயும் மனநல ஆஸ்பத்திரில இருந்தவங்கள பஸ்ல ஏத்திக்கிட்டு போய் கிராஃபனெக், ஹாடமார், ஹார்ட்ஹைம் மாதிரி ஆறு எடத்துல விஷவாயு நிரப்புற கேஸ் அறைல வச்சு கொன்னாங்க, 70 ஆயிரம் பேருக்கு மேல. யூதர்கள கொன்ன கேஸ் அறைக்கெல்லாம் முன்னோட்டம் இங்கதான். நோயாளிய நேர்ல பாக்காமலே ஃபார்ம்ல பேனாவால ஒரு குறி போட்டு யார் சாகணும்னு முடிவு பண்ணது டாக்டர்கள், கட்டாயப்படுத்தி இல்ல, விருப்பப்பட்டு. 1941 ஆகஸ்ட்ல மியூன்ஸ்டர் பிஷப் காலன் பிரசங்கத்துலயே இத போட்டு உடைச்சாரு, ஊர் ஜனங்ககிட்டயும் முணுமுணுப்பு அதிகமாச்சு, கேஸ் அறைய அந்த நோயாளிங்களுக்கு நிறுத்தினாங்க, ஆனா பட்டினி போட்டும் மருந்த அதிகமா குடுத்தும் கொல்றது போர் முடியுற வரைக்கும் நடந்துச்சு. டொரோத்தேயா 1943-லயும் ஆஸ்பத்திரில இருந்தவங்க, நூலிழைல தப்பின உசுரு. 1960-கள்ல இந்தக் கொலைகளோட முழு விவரம் தெரிய வந்ததும் சிற்ப வேலையே அவங்களுக்கு ஓடல, உளிய கீழ வச்சுட்டு இந்த விஷயத்த தேடித் தேடி படிக்க ஆரம்பிச்சுட்டாங்க, நாடகமாவே எழுதினாங்க.

தேடினதுல கெடச்ச ஒரு ஆள மட்டும் சொல்றேன், இது ஒண்ணு போதும். வெர்னர் ஃபில்லிங்கர்னு ஒரு டாக்டர், 1934-ல இருந்து பேத்தல்ல தலைமை மருத்துவர், அதாவது டொரோத்தேயாவ அங்க கட்டிப் போட்டப்ப, கருத்தடை பண்ணப்ப அந்த ஆஸ்பத்திரிக்கே பெரிய டாக்டர். பின்னாடி அந்த கேஸ் அறைத் திட்டத்தோட டாக்டர் லிஸ்ட்லயும் இவர் பேர் இருக்கு. போர் முடிஞ்சுது, இவருக்கு என்ன ஆச்சு? ஜெயிலா? மார்பர்க் யுனிவர்சிட்டில பேராசிரியர். 1952-ல நாட்டோட உயர்ந்த விருதுகள்ல ஒண்ணான பெரிய சேவைச் சிலுவை. 1961-ல கட்டாய கருத்தடைக்கு ஆளானவங்களுக்கு நஷ்ட ஈடு குடுக்கலாமான்னு பார்லிமெண்ட் கமிட்டி ஆலோசனை கேட்டப்ப நிபுணர்னு கூப்பிட்டது யார தெரியுமா, இவரத்தான். குடுத்தா அதுவே அவங்களுக்கு ஒரு மனநோயா மாறிடும்னு கருத்து சொன்னாரு. பண்ணவனையே கூப்பிட்டு பாதிக்கப்பட்டவங்களுக்கு என்ன செய்யலாம்னு கேட்டா வேற என்ன சொல்லுவான்? பாதிக்கப்பட்ட ஒருத்தர அந்த நாற்காலில உக்கார வச்சு கேட்டுருந்தா கதையே வேற.

நியாயம் கெடைக்க எத்தனை வருஷம் ஆச்சுன்னு பாருங்க. 1956-ல நாஜிக்களால பாதிக்கப்பட்டவங்களுக்கான நஷ்ட ஈட்டுச் சட்டத்துல இவங்கள சேக்கவே இல்ல. 1980-ல ஒரே ஒரு தடவ 5,000 மார்க். 1987-ல கிளாரா நோவாக்னு இன்னொரு அம்மா, அவங்களும் கருத்தடைக்கு ஆளானவங்க, அவங்களோட டொரோத்தேயாவும் சேந்து பாதிக்கப்பட்டவங்க சங்கம் ஆரம்பிச்சாங்க, அதுக்கப்புறம்தான் கொஞ்சம் அசைஞ்சுது. 1998-ல அந்த கோர்ட் தீர்ப்பையெல்லாம் ரத்து பண்ணாங்க. 2007-ல அந்தச் சட்டமே அநியாயம்னு பார்லிமெண்ட் கண்டிச்சுது. 2010-ல ஜெர்மன் மனநல மருத்துவர் சங்கம் பெர்லின்ல பகிரங்கமா மன்னிப்பு கேட்டுச்சு, 70 வருஷம் கழிச்சு. நாஜிக் கொடுமைக்கு ஆளானவங்கன்னு பார்லிமெண்ட் இவங்கள முறையா ஏத்துக்கிட்டது 2025 ஜனவரில, டொரோத்தேயா போய் அஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு.

இனிதான் எனக்கு ரொம்ப முக்கியமா படுற விஷயம். 1936-ல இருந்து 1959 வரைக்கும் அவங்களுக்கு மொத்தம் அஞ்சு தடவ அந்த மனநிலை வந்து போச்சு. அதுக்கப்புறம் 60 வருஷம் உசுரோட இருந்தாங்க, ஒரு தடவகூட வரல. எப்படின்னு கேட்டா அவங்க சொல்ற விளக்கம் இது. கனவுல நாம பறக்குறோம், செத்தவங்ககிட்ட பேசுறோம், எல்லாத்துக்கும் ஒண்ணோட ஒண்ணு சம்பந்தம் இருக்கு, கனவுக்குள்ள இருக்கும்போது அது சத்தியமா நிஜம். முழிச்சதும் கனவுன்னு தெரிஞ்சுக்கிறோம், ஆனா அது என் மனசுல இருந்து வந்ததுதான், அதுல எனக்கு ஏதோ சேதி இருக்குன்னு யோசிக்கிறோம் இல்ல? சைக்கோசிஸும், அதாவது எது நிஜம்னு பிரிச்சுப் பாக்க முடியாம போற அந்த மனநிலையும், அதே எடத்துல இருந்து பொங்கி வர்றதுதான், முழிச்சிருக்கும்போதே வந்துடுது, அதனால நிஜத்தோட கலந்துடுது. அவங்க தனக்கு வந்தத எல்லாம் கனவு இருக்குற தளத்துக்கு எடுத்து வச்சுப் பாத்தாங்க, அப்ப பயமும் போச்சு, அதோட அர்த்தமும் தொலையல. வெறும் குப்பைன்னு தூக்கிப் போடச் சொன்னா அது உள்ளயே கெடந்து மறுபடி வரும், என் வாழ்க்கைல எந்த நெருக்கடில இது வந்துச்சுன்னு புரிஞ்சுட்டா வர வேண்டிய தேவை கொறையுதுங்கறது அவங்க அனுபவம். எல்லாருக்கும் இப்படியே நடக்கும்னு நான் சொல்ல வரல, தயவு செஞ்சு இதப் படிச்சுட்டு யாரும் மாத்திரைய நிறுத்திடாதீங்க. ஆனா இப்படி ஒரு வழி இருக்குன்னே நம்மகிட்ட யாரும் சொல்றதில்லயே. 1990-ல இதையெல்லாம் புத்தகமா எழுதினாங்க, விடிவெள்ளியோட தடத்துலங்கற மாதிரி தலைப்பு. சொந்தப் பேர்ல போடல, ஸோஃபி செர்ஷின்னு புனைபேர், அது ஜெர்மன்ல ஸ்கிசோஃப்ரினியாங்கற சொல்லோட எழுத்துக்கள கலைச்சுப் போட்டு உண்டாக்கின பேரு. தன் மேல குத்தின முத்திரையவே கலைச்சு தனக்கு ஒரு பேரா வச்சுக்கிட்டாங்க.

1989-ல ஹாம்பர்க் எப்பன்டோர்ஃப் யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரில தாமஸ் போக்ங்கற சைக்காலஜிஸ்டோட சேந்து சைக்கோசிஸ் செமினார்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. இதுல மூணு தரப்பு ஒண்ணா உக்காரும், அனுபவிச்சவங்க, வீட்டு ஆளுங்க, டாக்டர் நர்ஸ் மாதிரி வேலைல இருக்குறவங்க. சிகிச்சை கிடையாது, கிளாஸும் கிடையாது, யாரும் யாருக்கும் புத்தி சொல்றதில்ல. ஜெர்மன் பேசுற நாடுகள்ல நூத்துக்கும் மேல எடத்துல இப்படி நடந்துருக்கு. நான் ஒரு தடவ போய் உக்காந்திருக்கேன். வட்டமா நாற்காலி, நடுவுல ஒண்ணும் இல்ல, யார் கைலயும் ஃபைல் இல்ல, யார் டாக்டர் யார் நோயாளின்னு பாத்தவுடனே சொல்ல முடியல. அன்னைக்கு தலைப்பு குரல் கேக்குறது. உள்ள பேசினத வெளில சொல்லக்கூடாதுங்கறது அங்க விதி, அதனால யார் என்ன சொன்னாங்கன்னு எழுத மாட்டேன், ஆனா ஒரு டாக்டர் கைய தூக்கி அனுமதி கேட்டு, அந்த நேரத்துல பக்கத்துல ஆள் இருந்தா நல்லாருக்குமா தொந்தரவா இருக்குமான்னு கேட்டாரு, மூணு பேர் மூணு விதமா பதில் சொன்னாங்க, அவரு குறிப்பெடுத்துக்கிட்டாரு. டாக்டர் கேள்வி கேட்டு நோயாளி சொல்லிக்குடுக்குறத நான் என் வாழ்க்கைல பாத்தது அன்னைக்குத்தான். ரயில்ல திரும்பி வரும்போது அண்ணனுக்கு போன் போட்டு முதல் தடவையா உனக்கு என்ன கேக்கும்ணேன்னு கேட்டேன், முக்கால் மணி நேரம் பேசினாரு. இத்தனை வருஷத்துல அவரு என்கிட்ட அவ்ளோ நேரம் பேசினதே கெடையாது.

1992-ல மனநல சிகிச்சை அனுபவிச்சவங்களோட தேசிய சங்கத்த ஆரம்பிச்சவங்கள்ல அவங்களும் ஒருத்தர், பின்னாடி கௌரவத் தலைவர். பள்ளிக்கூடத்துக்கு அனுபவிச்சவங்களே நேர்ல போய் பிள்ளைங்ககிட்ட பேசுற ஏற்பாடும் ஹாம்பர்க்ல இவங்க ஆளுங்க ஆரம்பிச்சதுதான். நோய்ல இருந்து மீண்டவங்களுக்கு ட்ரெய்னிங் குடுத்து ஆஸ்பத்திரிலயே துணையாளா வேலைக்கு வைக்கிறது இப்ப இங்க நிறைய எடத்துல நடக்குது. 2007 ஜூன்ல டிரெஸ்டன்ல உலக மனநல மருத்துவர் சங்கம் கட்டாய சிகிச்சை பத்தி நடத்தின மாநாட்டுல 90 வயசுல போய் உலகத்து டாக்டருங்க முன்னாடி ஜெர்மன் மனநல ஆஸ்பத்திரிகள்ல 70 வருஷமா நடந்துட்டு வந்த, அவங்களே அனுபவிச்ச, கண்ணால பாத்த கட்டாயத்தப் பத்தி பேசினாங்க. கத்தல, திட்டல, தேதி போட்டு நடந்தத நடந்தபடி சொன்னாங்க. பின்லாந்துல குடும்பத்தோட சேத்து உக்கார வச்சு முதல் நாள்ல இருந்தே பேசுற முறை, 1971-ல கலிஃபோர்னியால லோரன் மோஷர்ங்கற டாக்டர் ஆரம்பிச்ச சொட்டேரியா வீடு, இதெல்லாம் நடக்கக்கூடியதுதான்னு எடுத்துச் சொன்னாங்க. சொட்டேரியான்னா ஆஸ்பத்திரி மாதிரி இல்லாம சாதாரண வீடு, ஒரு ரூம்ல மெத்தை மட்டும், ரொம்ப தவிக்கிற ஆளோட ஒருத்தர் ராப்பகலா கூடவே இருப்பாரு, கட்டிப் போடுறதுக்குப் பதிலா கூட இருக்குறதுதான் வைத்தியமே. மருந்து கொஞ்சமா, தேவைன்னா மட்டும். சுவிட்சர்லாந்துல பெர்ன்ல 1984-ல இருந்து நடக்குது. பெர்லின்ல 1996-ல ஆரம்பிச்ச ஓடி வந்தவங்க வீடு ஒண்ணு இருக்கு, மனநல ஆஸ்பத்திரி வேண்டாம்னு வர்றவங்களுக்கு, அங்க வேலை பாக்குறவங்கள்லயே பாதி பேர் அந்த அனுபவம் உள்ளவங்க. இதுக்கெல்லாம் காசு ஒதுக்க சொன்னா மட்டும் எல்லா அரசாங்கமும் யோசிக்கும், ஊசிக்கும் பூட்டுக்கும் உடனே வந்துடும். ஜெர்மனிலயே இன்னும் கட்டிப் போடுறது நிக்கல, ஆனா அரை மணி நேரத்துக்கு மேல அசைய விடாம கட்டணும்னா ஜட்ஜ் உத்தரவு வேணும்னு 2018-ல அரசியலமைப்பு கோர்ட் சொல்லிருக்கு, அந்த அளவுக்காவது வந்துருக்குன்னா இவங்கள மாதிரி ஆளுங்க வாய மூடாம இருந்ததுதான் காரணம். 2008-ல இவங்களுக்கும் அந்தப் பெரிய சேவைச் சிலுவை விருது குடுத்தாங்க, ஃபில்லிங்கருக்கு குடுத்த அதே விருது, 56 வருஷம் லேட்டா.

ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கிட்டு இருக்குற வரைக்கும் நாம ஒருத்தர ஒருத்தர் கொல்ல மாட்டோம்ங்கறது அவங்க அடிக்கடி சொன்ன வாக்கியம். வேற யாராவது சொல்லிருந்தா மேடைப் பேச்சுன்னு தாண்டிப் போயிருப்பேன், அவங்க சொல்லும்போது அது அப்படியே நடந்த சரித்திரம்.

இது ஜெர்மன் கதை, நமக்கு எதுக்குன்னு யாராவது கேக்கலாம். நம்ம நாட்டு 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்துல 95-ஆவது பிரிவ எடுத்துப் பாருங்க. மனநோய்க்கு சிகிச்சைன்னு சொல்லி ஆணுக்கோ பெண்ணுக்கோ கருத்தடை பண்ணக்கூடாது, எந்த விதத்துலயும் சங்கிலில கட்டக்கூடாது, மயக்க மருந்து இல்லாம ஷாக் குடுக்கக்கூடாதுன்னு எழுதிருக்கு. நடக்காத ஒண்ணுக்கு யாரும் தடை எழுத மாட்டாங்க சார். 2001 ஆகஸ்ட் 6-ல ஏர்வாடில சங்கிலில கட்டிருந்த 28 பேர் கொட்டகைல தீப்பிடிச்சு ஓட முடியாம செத்தாங்க, உங்க பேப்பரும் அன்னைக்கு முதல் பக்கத்துல போட்டுருக்கும். அதே சட்டத்துல அஞ்சாவது பிரிவுல, நாளைக்கு எனக்கு முடியாம போனா என்ன எப்படி கவனிக்கணும், எப்படி கவனிக்கக்கூடாதுன்னு நான் இப்பவே எழுதி வைக்கலாம்னு உரிமை குடுத்துருக்கு. எத்தனை பேருக்கு தெரியும்? உங்க ஸ்பெஷல் பக்கத்துல இது ஒரு வரி வந்துருந்தா எத்தனை வீட்டுக்கு பிரயோஜனமா இருந்துருக்கும்.

அதனால நான் கேக்குறது இதுதான். அடுத்த தடவ மனநலப் பக்கம் போடும்போது டாக்டருக்கு குடுக்குற எடத்துல பாதிய அனுபவிச்சவங்களுக்கு குடுங்க. பேர் போட வேண்டாம்னா போடாதீங்க, புனைபேர் போதும், டொரோத்தேயாவே முதல்ல அப்படித்தான் எழுதினாங்க. அவங்க சொல்றத திருத்தி அழகாக்கி கண்ணீர்க் கதையா மாத்தாம அவங்க பேச்சு எப்படி இருக்கோ அப்படியே போடுங்க. ஆஸ்பத்திரில எது உதவுச்சு, எது அவமானப்படுத்துச்சு, எந்த மருந்துல உடம்பு என்ன ஆச்சு, வீட்டுல யார் என்ன சொன்னா நிம்மதியா இருந்துச்சு, இதையெல்லாம் அவங்கதான் சொல்ல முடியும். பக்கத்துலயே டாக்டர் பதிலையும் போடுங்க, ரெண்டையும் சேத்து படிக்கட்டும் ஜனங்க. அந்த முதுகு காட்டுற போட்டோவ தயவு செஞ்சு இனிமே போடாதீங்க. டொரோத்தேயா அம்மாவோட டிரெஸ்டன் பேச்ச தமிழ்ல கொண்டு வரலாம்னு உங்களுக்கு தோணுச்சுன்னா, உரிமை உள்ளவங்ககிட்ட முறையா கேட்டு வாங்குற வேலைல இருந்து மொழிபெயர்க்குற வரைக்கும் நான் காசு வாங்காம செஞ்சு தர்றேன். எங்க அண்ணன்கிட்டயும் கேட்டுட்டேன், எழுதித் தர்றேன்னு சொல்லிருக்காரு. எடம் மட்டும் நீங்க ஒதுக்குங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்,
ஹாம்பர்க், ஜெர்மனி